திருத்தியதைச் சொல்லித் திருத்துங்கள்: தமிழ் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கும் ஆசிரியர் குழு உறுப்பினர்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டே, கிடைக்கும் நேரத்தில் இந்நாட்டின் தொடக்ககாலத் தமிழ் இதழ்களை ஆராய்ந்து வருபவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் இணையவழி ஆய்விதழ் ஒன்றுக்கு நான் அனுப்பிய கட்டுரை மூன்றாம் நாளே ஏற்கப்பட்டது. மதிப்பீட்டாளரின் குறிப்பு ஒன்றுகூட வரவில்லை. கட்டணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு விவரம் மட்டும் வந்தது. அப்போதே எனக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். கட்டுரை வெளிவரப்போகும் மகிழ்ச்சியில் பணத்தைக் கட்டிவிட்டேன்.

அந்தக் கட்டுரையில், 1887ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சிங்கை நேசன்’ இதழின் ஆண்டை, இலக்கங்கள் இடம்மாறி 1878 என்று எழுதியிருந்தேன். தவறு முழுக்க என்னுடையது. ஆயினும், சிங்கப்பூர்த் தமிழ் இதழியலை ஓரளவு அறிந்த ஒருவர் ஒருமுறை படித்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்கும். ஓராண்டு கழித்து, ஒரு மாணவி தம் ஆய்வேட்டில் என் கட்டுரையை மேற்கோள் காட்டி 1878 என்றே எழுதியிருந்ததைக் கண்டபோதுதான் பிழை எனக்கே தெரியவந்தது. உடனே இதழுக்கு எழுதினேன். மறுநாளே பழைய பிடிஎஃப் கோப்பை நீக்கிவிட்டு, திருத்திய கோப்பை அதே இணைய முகவரியில் ஏற்றிவிட்டார்கள். திருத்தம் நடந்ததாக ஒரு குறிப்பும் இல்லை, தேதியும் இல்லை.

இப்போது என் கட்டுரையைத் திறப்பவர் 1887 என்ற சரியான ஆண்டையே காண்பார். அதை மேற்கோள் காட்டிய மாணவிதான் மூலத்தைக் கவனமாகப் படிக்காதவராகத் தோன்றுவார். பிழை செய்த நான் தப்பிவிட்டேன், என்னை நம்பியவர் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருக்கும் இதுவே இம்மடலை எழுதவைத்தது.

பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது தமிழ்ப் பதிப்புலகுக்குப் புதிதன்று. பழைய அச்சு நூல்களில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு பக்கம் இருக்கும். நூலைப் படிக்கத் தொடங்கும் முன் அதைப் பார்த்துக் கையால் திருத்திக்கொண்ட வாசகர்கள் இருந்தார்கள். ‘சிங்கை நேசன்’ தோன்றிய அதே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களைத் தம் பதிப்புகளில் மறைக்காமல் குறித்து வைத்தவர். அச்சில் இருந்த இந்த ஒழுக்கம் இணையத்துக்கு வந்ததும் நழுவிவிட்டது. பக்கத்தை ஒட்டவோ மறுபடி அச்சிடவோ தேவையில்லாமல் எதையும் நொடியில் மாற்றிவிடலாம் என்ற வசதிதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

உலக ஆய்விதழ்கள் இதற்கு வழிவகுத்துள்ளன. 1997இல் தொடங்கப்பட்ட ‘கோப்’ என்னும் பதிப்பு நெறிமுறைக் குழு, ஒரு கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டால், அதாவது இனி நம்பத்தக்கதன்று எனத் திரும்பப் பெறப்பட்டால், அதை அறிவிக்கும் குறிப்பு கட்டுரையோடு இணைக்கப்பட்டு, எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடியதாய், யார், ஏன் மீட்டுக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும் என்கிறது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் வெளிவந்த கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2010இல் மீட்டுக்கொண்டபோது அதை அழித்துவிடவில்லை. மீட்டுக்கொள்ளப்பட்டது என்ற முத்திரையோடு அது இன்றும் அங்கே இருக்கிறது. 2023இல் ‘ஹிந்தாவி’ என்னும் பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அது பெரிய அவமானம்தான். ஆனால் அவை எவை என்பதை எவரும் தேடி அறிய முடிகிறது.

ஆய்வு நேர்மை பற்றிய ‘சிங்கப்பூர் அறிக்கை’ 2010இல் இதே ஊரில் நடந்த உலக மாநாட்டில் உருவானது. நான்கு கோட்பாடுகளையும் பதினான்கு பொறுப்புகளையும் கொண்ட அவ்வறிக்கை, முறைகேடு உறுதியானால் ஆய்வுப் பதிவையும் திருத்த வேண்டும் என்கிறது. அந்தக் கடமையை நிறுவனங்களோடு இதழ்களுக்கும் சேர்த்தே சொல்கிறது. முறைகேட்டுக்கே இது பொருந்துமென்றால், என்னுடையது போன்ற கவனப்பிழைக்கு இன்னும் எளிதாகப் பொருந்தும்.

உங்களில் பலர் ஊதியமின்றி, இரவு விழித்து இதழ் நடத்துகிறீர்கள் என்பதை அறிவேன். கட்டணம் வாங்குவதையும் நான் குறை சொல்லவில்லை. கட்டுரை அனுப்பும் முன்பே அதைத் தெரிவித்துவிட்டு, ஏற்பதா வேண்டாமா என்ற முடிவோடு அதைத் தொடர்புபடுத்தாதிருந்தால் போதும். ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைத் தரச்சான்றுபோல் முகப்பில் விளம்பரப்படுத்துவதையும் விட்டுவிடலாம். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் வழங்கும் அந்த எண், இன்ன இதழ் என்று அடையாளம் காட்டுமே தவிர, அதன் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நான் கேட்பது இவ்வளவே. வெளிவந்த கட்டுரையில் எதை மாற்றினாலும், எந்த நாளில், எதை, ஏன் மாற்றினீர்கள் என்று கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பழைய வடிவத்தையும் படிக்கக் கிடைக்கும்படி வையுங்கள். பதவி உயர்வுக்கு இடையூறாகும் என்று சொல்லிக் கட்டுரையைச் சத்தமில்லாமல் நீக்கித் தரும்படி ஆசிரியர்கள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

என் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் இம்மடலின் படியை அனுப்பியிருக்கிறேன். அவர்கள் சேர்க்க வேண்டிய குறிப்பையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: “இக்கட்டுரையின் முதல் வடிவத்தில் ‘சிங்கை நேசன்’ தொடங்கிய ஆண்டு 1878 எனத் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. சரியான ஆண்டு 1887. பிழை கட்டுரையாளருடையது, முதல் வடிவத்தை மேற்கோள் காட்டியவர்களுடையது அன்று.”

இப்படிக்கு,
சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்