யாருக்கு மனநலம் நல்லா இருக்குன்னு கட்சியை வெச்சா முடிவு பண்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளா இங்க சிங்கப்பூர்ல எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டு இருக்கு, உங்க வாசகர்கள்ல பல பேருக்கும் வந்திருக்கும். அமெரிக்காவுல குடியரசுக் கட்சிக்காரங்களுக்கு மனநலம் நல்லா இருக்காம், ஜனநாயகக் கட்சிக்காரங்களுக்கு மோசமாம், ஆராய்ச்சியிலயே வந்திருச்சாம். அதோட விட்டிருந்தா பரவால்ல. அதுக்குக் கீழயே எங்க பெரியப்பா ஒருத்தர் "எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுறவன் ஏன் எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான்னு இப்பத் தெரியுதா"ன்னு எழுத, அவரோட மருமகனே "எல்லாமே சூப்பரா இருக்குன்னு சொல்றவங்களத்தான் மாமா முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்"னு பதில் போட, ராத்திரி பூரா ரணகளம். மறுநாள் ரெண்டு பேர் குரூப்பை விட்டே வெளிய போயிட்டாங்க.

இதைப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதணும்னு தோணுச்சு. நான் டாக்டரும் இல்ல, பேராசிரியரும் இல்ல, பல வருஷம் கிளினிக் கவுண்டர்ல உக்காந்து ஃபாரம் வாங்கி வெச்சவ, அவ்வளவுதான். ஆனா இந்த விஷயத்துக்கு அந்த அனுபவம் போதும்னு நினைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு, அந்த ஃபார்வர்டு பொய்யில்ல. காலப்ங்கற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2004லருந்து 2007 வரைக்கும் எடுத்த சர்வேல, உங்க மனநலம் எப்படி இருக்குன்னு கேட்டப்ப "பிரமாதம்"னு சொன்னவங்க குடியரசுக் கட்சிக்காரங்கள்ல 58 சதவீதம், ஜனநாயகக் கட்சிக்காரங்கள்ல 38 சதவீதம், எந்தப் பக்கமும் சேராதவங்கள்ல 43. இருபது புள்ளி வித்தியாசம் சின்ன விஷயமில்ல. அப்ப குடியரசுக் கட்சிக்காரரான புஷ் ஆட்சி, ஜெயிச்சவங்க ஜாலியாத்தானே இருப்பாங்கன்னு சொல்லலாம், ஆனா அதுவும் சரியா வராது, ஏன்னா அங்க 1972லருந்து நடக்குற ஒரு பெரிய சர்வேயில, ஆட்சி யார் கையில இருந்தாலும் "ரொம்ப சந்தோஷமா இருக்கேன்"னு சொல்றவங்க குடியரசுக் கட்சிப் பக்கம்தான் அதிகம்னு பியூ ஆய்வு மையம் 2006லயே எழுதியிருக்கு. அந்தக் கட்சியில வசதியானவங்க அதிகம், கல்யாணம் ஆனவங்க அதிகம், வாராவாரம் சர்ச்சுக்குப் போறவங்க அதிகம், இதெல்லாம் ஒரு பங்கு. காலப்காரங்க வருமானம், வயசு மாதிரி விஷயங்களக் கழிச்சுப் பாத்தப்பவும் கொஞ்சம் வித்தியாசம் மிச்சம் இருந்துச்சு. அந்த மிச்சத்துக்கு என்ன காரணம்னுதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. 2008ல நேப்பியர், ஜோஸ்ட்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள், உலகத்துல ஏழை பணக்காரன் இருக்கறது நியாயம்தான்னு மனச சமாதானப்படுத்திக்கிறவங்களுக்கு உறுத்தல் கம்மி, அதனால சந்தோஷம் ஜாஸ்தின்னாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கென்னமோ அதுலயும் ஒரு கட்சி வாடை அடிக்குது.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். இந்தக் கணக்கெல்லாம் எடுத்தது ரத்தத்தையோ பிரஷரையோ பாத்து இல்ல. "நீங்க எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டு, அவங்க சொன்னதை எழுதிக்கிட்டாங்க. அதனால இதுல தெரியறது யாரு நல்லா இருக்காங்கங்கறதைவிட, யாரு நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிறாங்கங்கறதுதான்.

கிளினிக்ல மன அழுத்தம் பாக்குறதுக்கு ஒரு ஃபாரம் குடுப்போம், பிஎச்கியூ-9ன்னு பேரு, ஒன்பது கேள்வி. கடந்த ரெண்டு வாரத்துல எதுலயும் நாட்டமில்லாம இருந்தீங்களா, தூக்கம் வரலையா, பசி இல்லையா, இப்படிப் போகும், ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. நம்ம பெரியவங்க என்ன பண்ணுவாங்கன்னா, பேனாவ வாங்கி முதல் கட்டத்துல, அதாவது "இல்லவே இல்ல"ங்கற கட்டத்துல, மேலருந்து கீழ வரைக்கும் கோடு இழுத்த மாதிரி ஒன்பது டிக் போட்டுட்டு பத்து செகண்டுல திருப்பிக் குடுத்துருவாங்க. பக்கத்துல இருக்குற வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு "என்னங்க, ராத்திரி மூணு மணிக்கு ஹால்ல லைட்டு கூட போடாம உக்காந்திருக்கீங்களே, அதைப் போடலையா"ன்னு கேட்டா "அது வயசு, இதுக்கெல்லாமா எழுதுவாங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாரு. மருந்துக்குக் காத்திருக்குறப்ப நம்ம சும்மா "சாப்டீங்களா அங்கிள்"னு கேட்டா போதும், மகன் பேசறதில்ல, வேலை போனதுலருந்து வெளிய தல காட்டுறதில்லன்னு எல்லாம் வரும். ஃபாரத்துல அவரு மார்க் சைபர். பேப்பர்ல பாத்தா சிங்கப்பூர்லயே சந்தோஷமான மனுஷன் அவருதான்.

அவரு எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. ஆனா "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்றதைப் பெருமையா நினைக்கிற ஆளுங்க ஒரு கட்சியில கொஞ்சம் கூடுதலா இருந்தாலே அந்தக் கட்சிக்கு மனநல மார்க் ஏறிடும் இல்லையா? 2015ல சயன்ஸ் பத்திரிகையில வந்த ஒரு ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் பாத்துச்சு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களோட பேச்சு, ஃபோட்டோவுல அவங்க சிரிப்பு, கண்ணோரம் சுருங்குற அளவுக்கு நிஜமா சிரிக்கிறாங்களா இல்ல வாய் மட்டும் சிரிக்குதான்னு கூட அலசிப் பாத்திருக்காங்க. பழமைவாதிங்க, அதாவது குடியரசுக் கட்சிப் பக்கம் சாயறவங்க, கேட்டா நாங்க சந்தோஷம்னு சொல்றாங்க, ஆனா சிரிப்புலயும் பேச்சுலயும் அந்த சந்தோஷம் கூடுதலாத் தெரிஞ்சது எதிர்ப்பக்கத்துல. அதுக்காக இவங்கதான் உண்மையான சந்தோஷசாலிங்கன்னு அந்த மருமகன் குதிக்க வேண்டாம், எம்பி ஃபோட்டோவுல சிரிக்கிறதை வெச்சு ஓட்டுப் போடுறவன் மனசக் கணக்குப் போட முடியுமா என்ன.

இன்னொரு கூத்து இருக்கு. 2012ல ஒரு பெரிய அரசியல் ஆய்விதழ்ல, மனுஷனோட குணத்துக்கும் அரசியல் கருத்துக்கும் இருக்குற தொடர்பைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. முரட்டுத்தனம், துணிஞ்சு இறங்குறது மாதிரியான ஒரு குணம் பழமைவாதிகளுக்கு அதிகம்னு அதுல இருந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு 2016ல பாத்தா, கம்ப்யூட்டர்ல நம்பர் போட்டப்ப ரெண்டு பக்கமும் தலைகீழா மாறிப் போயிருக்கு, அப்படியே திருப்பிப் படிச்சுக்கோங்கன்னு திருத்தம் வெளியிட்டாங்க. எங்க மையக் கருத்து இதனால மாறலன்னு அவங்க சொன்னாங்க, அதுவும் சரிதான். ஆனா அந்த நாலு வருஷமா ஒரு பக்கம் கைதட்டிக்கிட்டு இருந்தவங்க, திருத்தம் வந்ததும் வாயை மூடிக்கிட்டாங்க, இன்னொரு பக்கம் கைதட்ட ஆரம்பிச்சது. கைதட்டுற சத்தம் மட்டும் ஒரே மாதிரி.

நம்ம ஊர்ல இந்தக் கணக்கை அப்படியே கொண்டு வந்து ஒட்டவே முடியாது. அங்க பல மாநிலத்துல வாக்காளரா பதியறப்பவே கட்சிப் பேரை எழுதிக் குடுப்பாங்க, வாசல்ல போர்டு நட்டு வெப்பாங்க. இங்க ஓட்டு ரகசியம், முக்காவாசிப் பேரு கட்சின்னு எதையும் தலையில தூக்கி வெச்சுக்கிறதில்ல, தொகுதியில யாரு நிக்கிறாங்க, லிஃப்ட் எப்ப ரிப்பேர் பண்ணாங்கன்னு பாத்துட்டு போடுறவங்க எத்தனையோ பேர். 2020 தேர்தல்ல ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சிக்கு 61.24 சதவீதம், 2025 மே 3ந்தேதி 65.57. நடுவுல அந்த நாலு சதவீதத்துக்கு மனநலம் திடீர்னு சரியாயிடுச்சா பெரியப்பா?

இங்க நம்மகிட்ட இருக்குற கணக்கு வயசை வெச்சு எடுத்தது. சுகாதார அமைச்சோட 2022 கணக்குப்படி மனநலம் சரியில்லாதவங்க 17 சதவீதம், 2020ல அது 13.4. 18லருந்து 29 வயசுக்காரங்கள மட்டும் எடுத்தா 25.3 சதவீதம், நாலுல ஒருத்தர். இப்ப ஒரு பேச்சுக்கு, காப்பிக்கடையில எல்லாரும் சொல்ற மாதிரி சின்ன வயசுக்காரங்க எதிர்க்கட்சிப் பக்கம் கொஞ்சம் சாயறாங்கன்னே வெச்சுக்குவோம், அப்ப யாராவது இங்க சர்வே எடுத்தா "எதிர்க்கட்சிக்காரங்களுக்கு மனநலம் மோசம்"னுதான் ரிசல்ட் வரும். அது கட்சியோட விளைவா, இல்ல நேஷனல் சர்வீஸ்ங்கற கட்டாய ராணுவச் சேவை, டிகிரி, வேலை தேடுறது, அரசாங்கம் கட்டிக் குடுக்குற பிடிஓ வீட்டுக்குக் காத்திருக்குறதுன்னு ஒரு வயசு படற பாடா? அதைப் பிரிச்சுப் பாக்காம ஹெட்லைன் போட்டா குடும்பத்துக்குள்ள சண்டை வராம என்ன வரும்.

எதிர்க்கருத்து சொல்றவனைப் பைத்தியம்னு முத்திரை குத்துறது புதுசும் இல்ல. 1964ல கோல்ட்வாட்டர் அமெரிக்க அதிபர் தேர்தல்ல நின்னப்ப ஒரு பத்திரிகை மனநல டாக்டருங்களுக்கெல்லாம் கடுதாசி போட்டு, இந்த ஆளு தேறுவாரான்னு கேட்டு, அவரைப் பாத்தே இராத ஆயிரத்துக்கும் மேல டாக்டருங்க தேற மாட்டாருன்னு சொன்னாங்கன்னு அச்சடிச்சது. அவரு கேஸ் போட்டு ஜெயிச்சாரு. நேர்ல பரிசோதிக்காத பிரமுகரைப் பத்தி மனநல டாக்டர் கருத்துச் சொல்லக் கூடாதுன்னு 1973லருந்து அங்க விதியே இருக்கு. சோவியத் யூனியன்ல இன்னும் கொடுமை, அரசாங்கத்தை எதிர்த்தவங்களுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய்னு எழுதி ஆஸ்பத்திரியில அடைச்சாங்க. டாக்டருங்களுக்கே வாயைக் கட்டணும்னு விதி வேண்டியிருக்கு, நம்ம வாட்ஸ்அப் டாக்டருங்களுக்கு யாரு விதி போடுறது.

கட்சிக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது எந்தக் கட்சிங்கறதுல இல்ல, எவ்வளவு நேரம் அதுலயே ஊறிக் கிடக்குறோம்ங்கறதுல. 2019ல நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காரங்க வெளியிட்ட ஆய்வுல, அமெரிக்காவுல கிட்டத்தட்ட 40 சதவீதம் பேரு அரசியலால மன உளைச்சல்னு சொன்னாங்க, அஞ்சுல ஒருத்தர் தூக்கம் போச்சுன்னாங்க, அஞ்சுல ஒருத்தருக்கு நட்பே கெட்டுப் போயிருக்கு.

இதை நம்ம தமிழ் வீடுகள்ல பாக்க அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். இங்க தேர்தல் ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும், பிரசாரம் இல்லாத கூலிங்-ஆஃப் டே வேற 2011லருந்து இருக்கு, சூட்டைத் தணிச்சுக்க ஒரு நாள் அரசாங்கமே குடுக்குது. ஆனா தமிழ்நாட்டு அரசியலுக்கு கூலிங்கும் இல்ல ஆஃபும் இல்ல, யூடியூப்ல வருஷம் 365 நாளும் ஓடுது. சென்னையில ராத்திரி 9 மணி விவாதம்னா இங்க பதினொன்றரை. அது முடிஞ்சு, அதைப் பத்தி நாலு பேரு பேசற வீடியோ முடிஞ்சு, கமெண்ட்ல எவனோ ஒருத்தனுக்குப் பதில் எழுதி முடிக்கிறப்ப மணி ரெண்டு. காலையில ஆறு மணிக்கு எம்ஆர்டி ரயில். எனக்குத் தெரிஞ்சு சிங்கப்பூர் குடிமகனா ஆகி முப்பது வருஷத்துக்கு மேல ஆன ஒருத்தர், அங்க ஓட்டே கிடையாது, ஒரு தலைவரைத் திட்டிட்டான்னு கூடப்பொறந்த தம்பி வீட்டு விசேஷத்துக்கே போகல. கரூர்ல 2025 செப்டம்பர்ல ஒரு அரசியல் கூட்டத்து நெரிசல்ல 41 பேரு செத்தப்ப கூட, எங்க குரூப்ல செத்தவங்களுக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட்டுட்டு அடுத்த நிமிஷமே யாரு மேல தப்புன்னு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் நிறுத்தல. அந்த குரூப்ல, டார்மிட்டரியில தங்கி வேலை செய்யற எங்க ஊர்ப் பையன் ஒருத்தனும் இருந்தான். லாரி விடியக்காலையில வந்துரும், உயரத்துல நின்னு செய்யற வேலை, தூங்காம போனா என்ன ஆகும்னு யாரும் அவனைக் கேக்கல, நானும் அடுத்த நாள்தான் கேட்டேன்.

அரசியல் பேசாதீங்கன்னு நான் சொல்லல. அடுக்குமாடி புளோக்குக் கீழ உக்காந்து முகத்தைப் பாத்துப் பேசறப்ப ஒரு அளவுக்கு மேல யாராலயும் திட்ட முடியாது, கோப்பி ஆறிடும், பேச்சு மாறிடும். ஃபோன்ல அந்த வசதி இல்ல.

ஆசிரியர் கிட்ட கேக்குறது ரெண்டு. இந்த மாதிரி வெளிநாட்டு சர்வே செய்தி போடுறப்ப, என்ன கேள்வி கேட்டாங்க, எந்த வருஷம், அவங்க வாயால சொன்னதா இல்ல டாக்டர் பாத்துச் சொன்னதான்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க, அந்த ரெண்டு வரி இருந்திருந்தா எங்க குரூப்ல அன்னிக்குப் பாதி சண்டை நடந்திருக்காது. ரெண்டாவது, தேர்தல் வந்தா, இங்கயோ தமிழ்நாட்டுலயோ, முடிவுகள் போடுற பக்கத்துலயே மனநல உதவிக்கான 1771, தற்கொலை எண்ணம் வர்றவங்களுக்கு உதவுற எஸ்ஓஎஸ் அமைப்போட 1767, ரெண்டு நம்பரையும் பெரிய எழுத்துல போடுங்க. அதோட உங்க நிருபர் ஒருத்தரை விட்டு அந்த நம்பர்களுக்கு ஃபோன் பண்ணச் சொல்லி, இங்கிலீஷ் வராத ஒரு அறுபது வயசு ஆளு கூப்பிட்டா தமிழ்ல எப்ப பேசலாம், முதல்ல என்ன கேப்பாங்க, பேரு சொல்லணுமா வேண்டாமான்னு விவரமா எழுதச் சொல்லுங்க. ஃபாரத்துல ஒன்பது டிக் போட்டுட்டுப் போன அந்த மாதிரி ஆளுங்க உங்க பேப்பரை முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விடாம படிக்கிறவங்கதான்.

இப்படிக்கு,
வாசகி, உட்லண்ட்ஸ்