தட்டையாகத் தெரியும் பூமிக்கும் உயரம் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியும்தான். பூமி தட்டையாகத்தான் தோன்றும். ஐப்பசி மழை ஒரு நாள் வெளுத்து வாங்கினால் எது மேடு, எது தாழ்வு என்று தண்ணீரே காட்டிவிடும்.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 நிலவரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. நீலகிரிக்கு அது போதும். இங்கே இரண்டு மீட்டர் சரிவே ஒரு பள்ளத்தின், அதாவது ஓடையின், போக்கைத் தீர்மானிக்கிறது. அது இரண்டு கோடுகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். சரி, கிராமத்துப் புலப்படத்தைப் பார்க்கலாம் என்றால் அதில் எல்லைக்கல்லும் அளவும் இருக்கும், உயரம் இருக்காது.

எங்கள் ஊரில் தார்ச்சாலையை உயர்த்தியபோது பள்ளம் குறுக்கிடும் இடத்தில் ஒற்றைக் குழாயைப் பதித்து மூடிவிட்டார்கள். கீழே குட்டை காய்கிறது, மேலே சோளக்காடு மிதக்கிறது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மட்டம் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

ட்ரோனிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சும் லைடார் கருவியால் அளந்தால் வெள்ளவேல மரத்தடியில் உள்ள தரைமட்டம்கூடக் கிடைக்கும். வரைபடம் தயாரிப்பதற்கான கட்டுப்பாடுகளையும் மத்திய அரசு 2021இல் பெருமளவு தளர்த்திவிட்டது. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அரசு, அவை வழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் படத்தில் காட்டலாமே! அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு என்ற இடைவெளியில் ஊராட்சிவாரியாக வரைபடம் தயாரித்து, அடுத்த தடுப்பணைக்கு இடம் குறிக்கும் முன் கிராம சபையில் வைக்க வேண்டும்.

– ஒரு விவசாயி, காங்கேயம் வட்டம்