டிஎன்ஏ படம் கண்ணாடியில பாத்த மாதிரி இருக்குங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. போன ஞாயித்துக்கிழமை இணைப்புல டிஎன்ஏ பத்தி ஒரு பக்கம் ஃபுல்லா போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா படம் தப்பு, டிஎன்ஏ ரெண்டு இழை சேந்து முறுக்கின ஏணி மாதிரி இருக்கும், உங்க படத்துல அந்த ஏணி எதிர்ப்பக்கமா முறுக்கியிருக்கு. நான் வீட்லயே பிளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கறவ, காபியும் கையுமா பேப்பரை விரிச்சதும் மொதல்ல கண்ணுல பட்டதே அதான். நம்ம கண்ணுதான் சரியில்லையோன்னு டூல் பாக்ஸ்ல இருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து படத்துக்கு பக்கத்துல நிமித்தி வச்சு பாத்தேன். ஸ்க்ரூவோட மரை இடது கீழேருந்து வலது மேல ஏறுது, உங்க படத்துல முன்பக்க இழை வலது கீழேருந்து இடது மேல ஏறுது. பேப்பரை தலைகீழா திருப்பினாலும் மாறலை, கண்ணாடி முன்னாடி காட்டினப்பதான் சரியாச்சு. லேஅவுட்டுக்காக யாரோ படத்தை ஃப்ளிப் பண்ணிட்டாங்க போல.

இதுக்கெல்லாமா லெட்டர்னு கேப்பீங்க. நம்ம செல்லுல சாதாரணமா இருக்கற டிஎன்ஏ வலஞ்சுழிங்க, ஒரு முழு சுத்துக்கு பத்து பத்தரை படி, ஏ, டி, ஜி, சின்னு நாலு வேதி எழுத்து, ஒவ்வொரு படியிலயும் ஏக்கு எதிர்ல டி, ஜிக்கு எதிர்ல சி. இடது பக்கம் சுத்தற இசட் டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்கு, 1979ல அலெக்சாண்டர் ரிச் குழு கண்டுபிடிச்சது, ஆனா அது கோணல்மாணலா ஜிக்ஜாக்கா போகும், உங்க படம் அது இல்ல. 1953ல வாட்சன், கிரிக்னு ரெண்டு விஞ்ஞானிங்களோட டிஎன்ஏ ரெண்டு இழை மாடல் வந்துச்சுன்னா, அடுத்த வருஷமே மெட்ராஸ் யுனிவர்சிட்டியில ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோல், எலும்புல இருக்கற கொலாஜன்ங்கற புரதத்துக்கு மூணு இழைச் சுருள்னு சொன்னாங்க, அப்படிப்பட்ட ஊர்ல அச்சாகற பேப்பர்ல முறுக்கு மாறலாமா? வாட்சன் கிரிக்கை போட்டவங்க ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பேரை விட்டதும் நியாயமில்லீங்க, அவங்க லேப்ல 1952ல எடுத்த எக்ஸ்ரே படத்தை பாத்துதான் சுருள்னே வாட்சனுக்கு உறுதியாச்சு.

இன்னொண்ணு, "டிஎன்ஏ என்ற புரதம்"னு ரெண்டு எடத்துல வருது. டிஎன்ஏ புரதம் இல்ல, புரதம் செய்யறதுக்கான குறிப்பு. பசங்களுக்கு நான் சொல்றது இதான், ஒரிஜினல் பத்திரம் பீரோவுக்குள்ள, அதாவது நியூக்ளியஸ்ல, பத்திரமா இருக்கும், வெளிய போறது ஆர்என்ஏங்கற ஜெராக்ஸ்தான், அதை செல்லுல புரதம் செய்யற மெஷினான ரைபோசோம் மூணு மூணு எழுத்தா படிச்சு, புரதத்தோட மணிகளான அமினோ அமிலத்தை கோத்து புரதமாக்கும். அந்த மூணுல ஒரு எழுத்து மாறினாலும் என்னாகும்னு சிக்கிள் செல் நோயில பாக்கலாம், ரத்தத்துல ஆக்சிஜனை சுமக்கற ஹீமோகுளோபினோட ஜீன்ல ஜிஏஜின்னு இருக்கவேண்டியது ஜிடிஜின்னு ஆயிடுது, அவ்ளோதான், உருண்டையா இருக்கவேண்டிய சிவப்பணு அருவா மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சுக்குது. நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட இந்த நோய் இருக்கு, அதைப் பத்தி ஒரு வரி இருந்திருந்தா கட்டுரை நம்ம ஊருக்கு இன்னும் பக்கத்துல வந்திருக்கும்.

எனக்கு கோவம் வந்த காரணத்தையும் சொல்லிடறேன், திங்கக்கிழமை டியூஷனுக்கு வந்த பையன் ஒருத்தன் உங்க படத்தை அழகா வெட்டி ரெக்கார்டு நோட்டுல ஒட்டிட்டு வந்து நிக்கறான், தப்புடான்னா "பேப்பர்லயே போட்டிருக்காங்க மிஸ்"ங்கறான். அவன் கையில ஸ்க்ரூவை குடுத்து ரெண்டையும் பாக்க வச்சதுக்கப்புறம்தான் பிச்சு எடுத்தான். அந்த ஸ்க்ரூவை இந்த லெட்டரோட வச்சு அனுப்பியிருக்கேன், படம் போடறவங்க டேபிள்ல வைங்க.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்