கீமோ நின்று போனால் அதுவும் போர்ச் சாவுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உக்ரைன் போர் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையில், கீவ் நகரின் ஒக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனைப் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். 2024 ஜூலை 8 அன்று ஏவுகணை விழுந்த பிறகு, முடி கொட்டிய பிள்ளைகள் டிரிப்ஸ் ஊசியோடு வெளியே உட்கார்ந்திருக்கும் படம். கீழே, ‘சிகிச்சை பாழானது’ என்று ஒரு வரி. குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த வரி உறுத்தியது. கட்டடம் இடிந்தது உண்மை. ஆனால் பிள்ளைகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றி, கீமோ எனும் புற்றுநோய் மருந்தைத் தொடர்ந்தார்கள். போர் தொடங்கிய 2022-லேயே அங்குள்ள மருத்துவர்களுக்கு இப்படி மாற்றுவது பழகியிருந்தது. அந்தக் கதையைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து தர வேண்டியிருக்கும். சில வாரங்களிலேயே பிள்ளை எழுந்து விளையாடும். நோய் போய்விட்டதென்று வீட்டில் நினைப்பார்கள். அங்கே நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பி வந்தால் முதல்முறைபோல மருந்துக்குக் கட்டுப்படாது. மருந்தால் வெள்ளணு எண்ணிக்கை இறங்கிய பிள்ளையை நெரிசலான நிலவறையில் நாள்கணக்கில் படுக்க வைத்தால் கிருமி தொற்றும். ரத்தக் கசிவைத் தடுக்க ஏற்றும் ரத்தத் தட்டணுக்களை ஐந்தாறு நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. குண்டே விழாத ஊரிலும் பிள்ளை இப்படிச் சாகலாம். அந்தச் சாவு எந்தப் போர்க் கணக்கிலும் ஏறுவதில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்த பிறகு, கீவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகளை மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே பயணம் தாங்கும் அளவுக்குத் தேற்றி, போலந்து எல்லைக்கு அனுப்பினார்கள். போலந்தில் பொஹெனியெட்ஸ் என்ற சிற்றூரில் ஒரு ஹோட்டலே மருத்துவமனையாகியிருந்தது. யார் எந்த நாட்டுக்கு, எந்த மருத்துவமனைக்கு என்பது அங்கே முடிவானது. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை, போலந்தின் ஹெரோசி, உக்ரைனின் தப்லெத்தோச்கி ஆகிய அமைப்புகள் சேர்ந்து செய்த வேலை இது. இப்படி 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெளியேறினார்கள். 18 முதல் 60 வயதுவரையிலான ஆண்கள் நாட்டைவிட்டுப் போகத் தடை இருந்ததால், பெரும்பாலும் தாய்மார்களே பிள்ளையையும் பையையும் சுமந்து போனார்கள்.

அந்தப் பையில் இருந்த ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்சோரூபிசின் என்றொரு சிவப்பு நிறக் கீமோ மருந்து உண்டு. அது இதயத்தைப் பாதிக்கும் என்பதால் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஓர் அளவுக்கு மேல் தரக்கூடாது. பிள்ளையைப் பார்த்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. தாளைப் பார்த்தால்தான் தெரியும். எத்தனையாவது சுற்று, எந்த நாள், கடைசியாக எந்த மருந்து என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உக்ரைனிய மொழியில் இருந்த அந்தக் குறிப்புகளைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். வண்டி ஓட்டியவர்களுக்குச் சமமாக இவர்களும் உயிர் காத்தார்கள் என்பேன். (நம்மூர்ப் பெற்றோரும் சிகிச்சைக் குறிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது ஃபைல்தான்.)

இந்தத் திறமை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்துவிடவில்லை. காசாவில் குழந்தைகள் புற்றுநோய்க்கென்று இருந்த சிறப்புப் பிரிவு, ரந்திசி மருத்துவமனையில் 2019-ல் தொடங்கியது. 2023 நவம்பரில் அந்த மருத்துவமனையையே காலிசெய்ய வேண்டியதாயிற்று. கதிர்வீச்சு சிகிச்சை போருக்கு முன்பும் காசாவில் கிடையாது. அதற்கு இஸ்ரேலின் அனுமதி பெற்று வெளியே போக வேண்டியிருந்தது. சில பிள்ளைகள் எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 2024 மே மாதம் எகிப்துக்குப் போகும் ரஃபா எல்லை வாயில் மூடப்பட்ட பிறகு அந்த வழியும் அடைபட்டது. உக்ரைன் பிள்ளைக்காக அண்டை நாடு கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது; காசா பிள்ளைக்கோ சிகிச்சைக்கு வெளியே அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் பெயர் இருந்தும் வாயில் திறக்கவில்லை. இதை மருத்துவத்தின் தோல்வி என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனிப் போர்ச் செய்தி வெளியிடும்போது, இறந்தவர், காயம்பட்டவர் எண்ணிக்கையோடு, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் தங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டுகிறேன். ரந்திசியின் பிள்ளைகளிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி