தம்பிக்கு: அடுக்களையைப் பெரிதாகக் கட்டு

அன்புத் தம்பி,

பேராக்கில் சுங்கை சிப்புட் நிலத்தில் வீடு கட்டி, காசுக்கு விருந்தினரையும் தங்கவைக்க நீ போட்ட வீட்டுப் படத்தைப் பார்த்தேன். விருந்தினருக்கு நான்கு அறை, நான்கிலும் ஏர்கோன். அடுக்களையோ ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறேன்.

ஏர்கோன் அறை வேண்டுமென்றால் ஈப்போவிலேயே தங்கிவிடுவார்கள். தன் மண்ணில் விளைந்ததைச் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்தோடு இரண்டு நாள் இருக்கத்தான் நம்மிடம் வருவார்கள். மரவள்ளிக்கிழங்கை அவித்து, தேங்காய் துருவி, நெத்திலி சம்பலோடு வைத்தால் போதும். ஆனால் அந்தச் சாப்பாடு நமக்கே தினமும் நடக்க வேண்டும்; விருந்தாளிக்காக பசாருக்கு ஓடக்கூடாது.

அதனால் சுவர் எழும்புமுன் மரம் நடு. வாழை ஓராண்டில் குலை தள்ளும். தென்னைக்குக் குட்டை ரகமானாலும் மூன்று நான்கு வருஷம் வேண்டும். பழைய செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, சாய்த்து அப்படியே போட்டிருக்கிறார்கள் என்றாயே, எனக்கு அதுதான் பெரிய கவலை. மட்கும் செம்பனைத் தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வெள்ளைப் புழு கட்டைவிரல் பருமனுக்கு வளர்ந்து வண்டாகி, தென்னங்கன்றின் குருத்தைக் குடையும். பிறகு விரிகிற மட்டையெல்லாம் கத்தரி போட்டதுபோல் முக்கோணமாக நறுக்குண்டு நிற்கும். தண்டுகளைச் சீவிப் பரப்பிக் காயவிடு. திறந்தவெளியில் கொளுத்தினால் சட்டப்படி குற்றம்.

தண்ணீரைக் கூரையே தரும். 100 சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 3,000 லிட்டர்; பேராக்கில் அது ஒரு சாயங்கால மழை. முதலில் வழிவது தூசியும் பறவை எச்சமுமாக இருக்கும், அதைத் தனிக்குழாயில் வெளியே விட்டுவிடு. தொட்டி வாயை நெருக்கமான வலையால் மூடு, இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடியேறும். செடிக்கும் கழிப்பறைக்கும் இந்தத் தண்ணீர் தாராளம்.

நிலப்பட்டாவையும் எடுத்துப் பார். 1965 தேசிய நிலச் சட்டத்தில் விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகை. விவசாய நிலத்தில் நாம் குடியிருக்க வீடு கட்டுவது வேறு, காசு வாங்கி ஆள் தங்கவைப்பது வேறு. செங்கல் இறக்குமுன் நில அலுவலகத்தில் கேட்டுவிடு.

தோட்டத்தில் நாம் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்ட கீரைப்பாத்தி ஞாபகம் இருக்கிறதா? தோட்டம் கைமாறியதும் பாத்தியும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்த வலியால்தான்: உழைக்கிறவனுக்கு மண்ணில் பங்கு வேண்டும். இன்று உன் பெயரில் மண் இருக்கிறது. அம்மா கையால் அதில் முதல் பாத்தி விழட்டும்.

விருந்தினருக்கு இப்போதைக்கு ஓர் அறை போதும். பள்ளி விடுமுறைக்கு வரும்போது முருங்கைப் போத்து கொண்டுவருகிறேன். அதற்குள் தண்டு சீவ ஆள் பேசி வை.

அன்புடன்,
அக்கா