தம்பலகாமத்துப் பிள்ளை வரமாட்டாள், அக்கா

அன்புள்ள அக்கா,

பிள்ளையை எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்ப வேண்டாம் என்று மாமாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் என்னை இணங்க வைத்திருப்பீர்கள். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

தொலைபேசியில் இதையெல்லாம் சொல்ல என்னால் முடியாது. உங்கள் குரலைக் கேட்டவுடன் நான் மறுபடி சின்னப் பிள்ளையாகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று கோபிப்பீர்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யும் தாய்மார் பலர், வேலை நேரத்தில் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்ற இதே கேள்வியோடு இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான். மாமா வீட்டாரும் வாசிப்பார்கள் என்பதால் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவில்லை. அவர்களுடைய வீட்டு நிலைமையைப் பற்றியும் ஒரு சொல்லும் எழுதமாட்டேன்.

உங்கள் யோசனையில் கெட்ட எண்ணம் இல்லை. நகரத்துப் பள்ளிக்கூடம், எங்கள் வீட்டில் சாப்பாடும் படுக்கையும், பின்னேரங்களில் என் மகள் சின்னவளைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் போதும், செலவு உங்களுடையது. கேட்கும் எவரும் நல்ல காரியம் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அது எவ்வளவு வசதி! வீட்டிலிருந்து நான் வேலை செய்துகொடுக்கும் லண்டன்காரர் காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும்போது இங்கே பகல் ஒன்றரை. அங்கே குளிர்காலமென்றால் இரண்டரை. என் கணவர் கிண்ணியாவிலிருந்து திரும்பிவர மூன்று மணியாகும். சரியாக அந்த நேரத்தில்தான் சின்னவள் தூக்கம் கலைந்து எழும்புவாள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெக்கையில் அவள் தூங்குவதேயில்லை.

ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, அக்கா. உங்களுக்கும் அப்போது பதின்மூன்றுதான்.

நீங்கள் அதை மறந்திருப்பீர்களோ தெரியாது. திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தை. உள்ளே அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கலியாணச் சட்டைகள் அடுத்த நாள் கொடுக்க வேண்டியவை. வெளியே போய்வரக் கிடைக்கும் மாலைகளே குறைவான வருடங்கள் அவை. உங்கள் சிநேகிதிகள் சைக்கிள்களோடு படலையில் நின்றார்கள், டச்சு விரிகுடாக் கடற்கரைக்குப் போக. நீங்கள் அம்மாவின் பொத்தான் பேணியை என் முன்னால் கொட்டி, நான்கு சிரட்டைகளை வரிசையாக வைத்து, வெள்ளை இதற்குள், கறுப்பு இதற்குள் என்று காட்டிக் கொடுத்தீர்கள். நான் தலை நிமிராமல் பொறுக்கத் தொடங்கியதும் மெல்ல எழுந்து போனீர்கள். நீல நிறச் சட்டை போட்டிருந்தீர்கள். சைக்கிளின் கரியரில் ஏறிக்கூட இருந்துவிட்டீர்கள்.

பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றை நான் வாய்க்குள் போட்டேன். அது இனிக்கும் என்று நினைத்தேன். பிறகு மூச்சு வரவில்லை. மெஷின் சத்தத்தில் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்னிடமிருந்து சத்தமும் வரவில்லை. போகிற போக்கில் நீங்கள் ஏன் திரும்பிப் பார்த்தீர்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஓடிவந்து, என்னை மடியில் குப்புறப் போட்டு, தோள்களுக்கு நடுவில் ஓங்கி ஓங்கி அடித்தீர்கள். பொத்தான் சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று இப்போது முதலுதவி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அப்போதுதான் அம்மா வந்தார். வந்து உங்களை அறைந்தார்.

அம்மாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இரண்டு பிள்ளைகளையும் அந்த ஒரு மெஷினையும் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். வீட்டிலிருந்து வேலை செய்வது என்னவென்று எனக்கு முன்பே அறிந்தவர் அவர். ஆனால் என்னைக் காப்பாற்றியவர் நீங்கள், அடி விழுந்ததும் உங்களுக்கு. நீங்கள் அழவில்லை. சிநேகிதிகள் போய்விட்டார்கள். சிரட்டைகளை எடுத்து அடுக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகும்வரை நீங்கள் அந்த இடத்தைவிட்டு எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மா வேலையை முடிப்பதற்காக என் முன்னால் வைக்கப்பட்ட விளையாட்டுச் சாமான் நீங்கள்தான். இந்த வீட்டில் இன்னொரு பிள்ளையை அந்த இடத்தில் இருத்தமாட்டேன். எத்தனை அன்பாக நடத்தினாலும், சின்னவள் விழுந்தால் நான் முதலில் யாரைப் பார்த்துக் கத்துவேன் என்று எனக்குத் தெரியும்.

இனி நீங்கள் கேட்கப்போவதும் தெரியும்: அப்படியென்றால் எப்படிச் சமாளிக்கப்போகிறாய்? கப்பலில் நீங்கள் அனுப்பிய விளையாட்டுச் சாமான் பெட்டியை ஏன் மூட்டைகட்டி வைத்தாய்?

2022 இல் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில் பால்மாவும் பருப்பும் அனுப்பி எங்களைத் தாங்கியவர் நீங்கள். உங்கள் பெட்டியை நான் அலட்சியம் செய்வேனா? ஆனால் ஆங்கிலம் பேசும் அந்தச் சாமான்கள் பிள்ளைக்குப் பேச்சுப் பழக்கும் என்றீர்களே, அதை நான் ஏற்கவில்லை. வடக்கு அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2016 இல் வெளிவந்தது. பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகள் பற்றரியில் பேசும் சாமான்களோடு விளையாடும்போது, புத்தகத்தோடு இருக்கும் நேரத்தைவிடப் பெற்றோர் குறைவாகவே பேசினார்கள், குழந்தைகளும் குறைவாகவே குரல் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் கண்டேன். பொத்தானை அமர்த்துவாள், அது பாடும், இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுப்பாள். சாமான் வேலை செய்தால் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அந்தப் பெட்டியில் இருந்த பாட்டுப் புத்தகத்தை மட்டும் வீட்டைவிட்டே அகற்றிவிட்டேன். அதன் பற்றரி மூடி நகத்தாலேயே கழன்று வந்தது. உள்ளே இருந்தவை காசு போன்ற தட்டைப் பற்றரிகள். விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை எரித்துவிடும். திருகாணி போட்டு இறுக்கிய மூடி இல்லாத எதையும் இனி அனுப்பாதீர்கள். பேசும் கரடிப் பொம்மையின் பற்றரிகளைக் கழற்றிவிட்டேன். ஊமையான பிறகுதான் அதற்குச் சோறூட்டுகிறாள், காய்ச்சல் பார்க்கிறாள், அடித்தும் வைக்கிறாள்.

ஒரே நேரத்தில் நான்கு சாமான்களுக்கு மேல் தரையில் வைப்பதில்லை. டொலிடோப் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயதுவரையான பிள்ளைகளிடம் செய்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பதினாறு சாமான்கள் நடுவே இருந்ததைவிட நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். மீதியெல்லாம் அலுமாரிக்கு மேல். சில நாள் கழித்து இறக்கினால் புதிதாகக் கண்டதுபோல் பாய்கிறாள்.

இந்த வயதில் அவளுக்குப் பிடித்தது போடுவதும் எடுப்பதும்தான். பால்மாப் பேணியின் மூடியில் நீளமாக வெட்டி, வெட்டிய ஓரத்தை மழுக்கி, பெரிய போத்தல் மூடிகளைக் கொடுத்தேன். போடுவாள், கொட்டுவாள், மறுபடி போடுவாள். இடியப்பத் தட்டுகளைக் கோபுரமாக அடுக்குவாள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பனையோலைப் பெட்டிகளும், தச்சுப் பட்டறையில் மினுக்கி வாங்கிய, சாயம் பூசாத மரக்கட்டைகளும் இருக்கின்றன. மூன்று வயதுக்கு உட்பட்டோரின் சாமான்கள் தொண்டையில் சிக்கும் அளவு சிறியவையா என்று சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். மலசலகூடக் கடதாசிச் சுருளின் நடுக்குழாய் அதைவிடச் சற்று அகலமானது. அதனூடாக விழும் எதையும் அவளிடம் கொடுப்பதில்லை. வாளியில் தண்ணீர் வைத்து விளையாட விடுவது நான் மேசையைவிட்டு எழுந்து பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

லண்டனோடு பேசும் நேரத்துக்கென்று சாமான்கள் போட்ட ஒரு துணிப்பை தனியாக உண்டு. வேறு நேரத்தில் அது வெளியே வராது. முதலில் மடிக்கணினியைத் திறக்காமல் அவளோடு தரையில் உட்காருகிறேன். அவள் கை வேலையில் இறங்கிய பிறகு மெல்ல எழும்பி என் மேசைக்குப் போகிறேன். நிமிர்ந்தால் என் முகம் தெரியும் தூரம். கால் மணி நேரம் கிடைக்கும், நல்ல நாளில் இன்னும் கொஞ்சம். ஒரு மணி நேரம் பிள்ளையைக் கட்டிப்போடும் சாமான் எந்தக் கடையிலும் இல்லை. மிச்ச வேலையை அவள் தூங்கிய பின் இரவில் செய்கிறேன்.

பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் கணினியைப் பார்க்கிறாய் என்று போன கிழமை சொன்னீர்கள். உங்கள் மகனை ஒரு வயதில் ரொறன்ரோவில் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டீர்கள். நான் ஒரு சொல் சொன்னேனா? என்னை வளர்த்தவர் என்பதற்காக எதையும் சொல்லலாம் என்று நினைக்கிறீர்கள். சொல்லலாம்தான். ஆனால் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாமாவின் பிள்ளை தன் வீட்டிலிருந்தே பஸ்ஸில் நகரத்துப் பள்ளிக்கூடம் வர விரும்புகிறாள். மாமாவிடம் பேசும்போது அவளிடமும் பேசினேன். சீசன் டிக்கெட்டும் பின்னேர வகுப்புக் காசும்தான் தடை. செலவைத் தருவதாகச் சொன்னீர்களே, அந்தச் சொல் சின்னவளைப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும்தானா? இல்லையென்றால் மாதம் பிறக்கும்போது அவளுடைய அம்மாவின் கணக்குக்கு அனுப்பிவையுங்கள். பாதியை நான் தருகிறேன். வகுப்பு முடியப் பிந்தும் நாட்களில் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் பஸ் எடுக்கட்டும். அந்த நேரத்தில் சின்னவளைத் தூக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

உங்கள் தங்கை