ஹெகெசோவின் நகைப்பெட்டி

அன்புள்ள மாலதி,

நான் ஏதென்ஸுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் வந்தது. அம்மா போய் எட்டு மாதமாகியும் அவருடைய நகைப்பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். பயணம் முழுக்க அந்த வரி மனதிலேயே இருந்தது.

பார்த்தினான் கோயிலையும் பார்த்தேன்; அதைப் பற்றி நேரில் சொல்கிறேன். என்னை நகரவிடாமல் நிறுத்தியது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லறைக் கல். கி.மு. 400-ஐ ஒட்டிச் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம். வளைந்த கால்கள் கொண்ட நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பாதங்கள் சிறு மணையின் மேல். எதிரே நிற்கும் பணிப்பெண் ஒரு பெட்டியை நீட்ட, அதிலிருந்து எடுத்த நகையை விரல் நுனியில் தூக்கிப் பார்க்கிறாள். ஆனால் மாலதி, அந்த விரல்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை! நகையை வண்ணத்தால் மட்டும் தீட்டியிருந்தார்களாம். நாம் வெள்ளை வெளேரென்று நினைத்திருக்கும் கிரேக்கச் சிற்பங்களில் பெரும்பாலானவை வண்ணம் பூசப்பட்டவைதான். சாயம் போய்விட்டது, குனிந்த தலையும் அந்தப் பார்வையும் அப்படியே இருக்கின்றன.

மேலே 'ஹெகெசோ, புரோக்செனோஸ் மகள்' என்ற அளவில் எழுத்து. அழுகை இல்லை, சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு சாதாரண நாளின் ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் சிற்பி. யாருக்கோ அவள் இப்படித்தான் நினைவில் நின்றிருக்க வேண்டும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள், 1870-இல் அந்தக் கல் கிடைத்த கெரமெய்கோஸ் இடுகாட்டுக்கே போனேன். குயவர்கள் வாழ்ந்த பகுதி என்பதால் வந்த பெயர். இப்போது அங்கே நகல் கல் நிற்கிறது. புல்லுக்குள் ஆமைகள் ஊர்கின்றன. அதன் அருகே 1990-களில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது, கி.மு. 430 வாக்கில் கொள்ளைநோயில் இறந்தவர்களை அவசர அவசரமாக ஒன்றாகப் புதைத்த குழி வெளிப்பட்டது. அதிலிருந்த பதினொரு வயதுச் சிறுமியின் மண்டையோட்டைக் கொண்டு அவள் முகத்தை மீட்டுருவாக்கி, மிர்திஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கல்லும் பெயரும் இல்லாமல் போன குழந்தைக்கு இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு முகம் கிடைத்திருக்கிறது. அதற்காகவே தொல்லியலாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஹெகெசோவின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் வருகிறேன். பெட்டியை அன்றைக்குத் திறக்கலாம். நான் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
கௌரி